பீரோ திறக்காத ஒன்பது நாள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குச்
சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது.
கையில் மிச்சம் வளையம் மட்டும்.
பீர்முகமது மகள் பிரசவத்துக்கு
மானாமதுரை போயிருந்தார்.
"வேற யாரையும் தொட விட்றாதீங்க,
கதவு வீணாயிரும்" என்றார் போனில்.
பின்னால் ஒரு குழந்தை அழுதது,
வேறு யாருடையதோ.

முத்துப்பட்டணத்து மாடிவீட்டில்
வெளியே மிஞ்சியது இவ்வளவுதான்:
கொடியில் நீல நூல்சேலை,
பக்கத்தில் காப்பிக்கொட்டை நிறச் சுங்குடி,
கறுப்பு ரவிக்கை,
நாடா நைந்த ஒரே உள்பாவாடை,
நாற்காலி முதுகில் இரண்டு நைட்டி.
பிறகு, பஸ்ஸ்டாண்டு வரை ஸ்கூட்டர் ஓட்டும்போது
வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும்
அவருடைய முழுக்கைச் சட்டை.
அவர் சிங்கப்பூரில். சட்டை இங்கே.

முப்பத்தெட்டுச் சேலை உள்ளே.
கூட்டுறவு வங்கியில் பதினோரு வருஷமாகக்
கணக்கு எழுதுகிறவள் நான்.
இருப்பு வேறு, கையிருப்பு வேறு என்று
அன்றுதான் உடம்புக்குத் தெரிந்தது.

நீலம் ஒருநாள், காப்பி மறுநாள்.
கறுப்பு ரவிக்கை இரண்டுக்கும் பொது.
இரவில் அலசி மின்விசிறிக்கு நேரே விரித்தால்
விடியும்போது அக்குளில் மட்டும் ஈரம் இருக்கும்.
"எடுப்பா இருக்கே" என்று
ஒருவரும் அதைச் சொன்னதில்லை,
நான் உட்பட.
உள்பாவாடையோ
யார் கண்ணிலும் படாமல்
அத்தனை கொசுவத்தையும் தாங்கி நின்றது,
மூன்றாம் நாள்வரை.
பள்ளத்தூர் பஸ்ஸில், நிற்கும்போது, நாடா அறுந்தது.
இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி இறங்கி
கவுண்டருக்குப் பின்னால் போய்
நோட்டுக்கட்டுச் சணலை ஊக்கில் கோத்து ஏற்றினேன்.
அன்று என் மானம் வங்கிச் சொத்து.

ஐந்தாம் நாள் செபஸ்தியம்மாள் கேட்டாள்:
"என்னக்கா, உங்களுக்கு மட்டும் யூனிபாரமா?"

ஆறாம் நாள் கோவிலூரில் ஒரு சாவு.
பழைய பியூன் தர்மலிங்கம்.
சாவுக்கென்றே ஒரு சாம்பல் சேலை வைத்திருக்கிறேன்.
பத்து வருஷத்தில் பதினாலு வீடு பார்த்தது.
கரை கிடையாது, மினுக்கு கிடையாது,
கண் துடைக்கத் தோதான முந்தானை.
அது உள்ளே கிடந்தது.
நீலத்தில் போனேன், கூசிக்கொண்டே.
அவர் மனைவி முந்தானையைப் பிடித்து
"இந்தச் சேலையிலதானம்மா
போன மாசம் அவருக்குப் பணம் எண்ணிக் குடுத்தே"
என்று என் தோளில் சாய்ந்தாள்.
சாம்பலில் போயிருந்தால்
வந்த பத்துப்பேரில் நானும் ஒருத்தி.

ஒன்பதாம் நாள் பீர்முகமது
பேத்தி பிறந்த கற்கண்டோடு வந்தார்.
கதவு விட்டது. பாச்சை உருண்டை மூச்சு விட்டது.

மேல்தட்டில் பட்டுகள்,
சம்மன் வந்தால் மட்டும் வரும் சாட்சிகள்.
நாத்தனார் கொடுத்த ஆரஞ்சுக்கு
நாத்தனார் வருகிற அன்றுதான் வேலை.
கை ஏறாத ஒன்பது ரவிக்கை:
மெலிவேன் என்று
எனக்கு நானே கொடுத்த வாராக்கடன்.
நடுவில் ஒரு பச்சைக் கண்டாங்கி,
விலைச்சீட்டு கிழியாமல்,
நாலு வருஷமாக.
இதற்கு என்ன பதவி?
செபஸ்தியம்மாளுக்குக் கொடுத்துவிடலாமா என்றுகூட
வெளியே எடுத்துவிட்டேன்.
விரித்தேன். தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தேன்.
பழைய மடிப்பிலேயே மடித்து
இருந்த இடத்தில் வைத்தேன்.
எல்லாமே உழைத்துத்தான் ஆகவேண்டுமா?
என்றாவது ஒருநாள் என்பதை
மடிப்புக் கலையாமல்
ஒன்று வைத்திருக்கட்டும்.

சாயங்காலம் கடைக்குப் போய்
உள்பாவாடை நாலு வாங்கினேன்,
கறுப்பில் ரவிக்கைத்துணி இரண்டு மீட்டர்.
புதுச்சாவி இரண்டில் ஒன்று கைப்பையில்.
மற்றது
ஆணியில் தொங்கும் முழுக்கைச் சட்டையின்
பாக்கெட்டில்.
அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.